அத்தியாயம் 7: தொண்டைக்கு மின்தூண்டல் – யாருக்கு, எப்போது, எப்படி

பக்கவாதம் வந்து ஒரு வாரம், பத்து நாள் கடந்த வீடுகளில் அநேகமாக இந்தக் கேள்வி எழும்: "கை கால் கொஞ்சம் அசையுது, பேச்சும் வருது. ஆனா ஒரு வாய் தண்ணி கொடுத்தாப் புரையேறுதே, மூக்குல டியூப் இன்னும் எத்தனை நாளைக்கு?" அதே நேரத்தில் பக்கத்துப் படுக்கைக்காரரின் சொந்தக்காரர் ஒருவர், "தொண்டைக்குக் கரண்ட் வெச்சா சரியாயிடுமாம்" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்தக் கரண்ட் சிகிச்சை எதைச் செய்யும், எதைச் செய்யாது, யாருக்கு ஆகாது, அதை எடுத்துக்கொண்டால் வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விழுங்கிப் பழகித்தான் விழுங்கும் திறன் திரும்பும். மின்தூண்டல் அந்தப் பழக்கத்துக்குத் துணையாக வரலாம். முறையான பரிசோதனைக்குப் பின், பயிற்சி பெற்ற பேச்சு-மொழி சிகிச்சையாளர் கையால், விழுங்கும் பயிற்சியோடு சேர்த்து வைத்தால் சிலருக்குப் பலன் உண்டு. கழுத்தில் பட்டையை ஒட்டி, நோயாளியைச் சும்மா உட்காரவைத்துவிட்டு, மணி பார்த்துக் கழற்றினால் பணமும் நாளும்தான் வீணாகும்.

விழுங்கும்போது நடப்பவை

ஒரு வாய்ச் சோற்றை விழுங்க ஏறத்தாழ 30 இணைத் தசைகள் வரிசை பிசகாமல் இயங்க வேண்டும். நாக்கு உணவைத் திரட்டிப் பின்னால் தள்ளும். மென்னண்ணம் உயர்ந்து மூக்குக்குப் போகும் வழியை அடைக்கும். தாடைக்கு அடியில் உள்ள தசைகள் நாவடி எலும்பையும் அதனோடு குரல்வளையையும் மேலே, முன்னே இழுக்கும். குரல்வளை மூடி கவிழும், குரல்நாண்கள் ஒன்றுசேரும், மூச்சு ஒரு கணம் நிற்கும், உணவுக்குழாயின் மேல்வாய் திறக்கும். தொண்டைக்குள் நடக்கும் இவ்வளவும் ஏறக்குறைய ஒரு நொடியில் முடிந்துவிடும். கண்ணாடி முன் நின்று எச்சிலை விழுங்கிப் பாருங்கள். கழுத்தின் முன்மேடு ஏறி இறங்குவது தெரியும். அந்த ஏற்றம் சரியாக நடந்தால்தான் மூச்சுக்குழாய் காக்கப்படும். தோலின் மேல் வைக்கும் மின்தூண்டல் முக்கியமாகக் குறிவைப்பதும் இதைத்தான்.

பக்கவாதத்தில் தொண்டைத் தசை நேரடியாக அடிபடுவதில்லை. அதற்குக் கட்டளை தரும் மூளைப்பகுதியும், அங்கிருந்து வரும் பாதையும்தான் அடிபடுகின்றன. பிரிட்டனின் மான்செஸ்டரில் ஷஹீன் ஹம்தியும் அவருடைய குழுவினரும் 1990-களில் செய்த ஆய்வுகள் இங்கே நமக்குப் பெரிய நம்பிக்கை தருகின்றன. விழுங்குவதற்கான கட்டளை மூளையின் இரு பக்கங்களிலும் இருக்கிறது, ஆனால் ஒரு பக்கம் மேலோங்கியிருக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். மேலோங்கிய பக்கம் அடிபட்டால் விழுங்குவது கெடுகிறது. பிறகு தேறியவர்களின் மூளையைப் பார்த்தபோது, அடிபடாத பக்கத்தில் விழுங்கும் பகுதி விரிவடைந்திருந்தது. விழுங்கும் பயிற்சியும் மின்தூண்டலும் இந்த விரிவுக்கு உதவத்தான் முயல்கின்றன.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். பக்கவாதம் வந்தவர்களில் 37 முதல் 78 விழுக்காட்டினருக்கு விழுங்குவதில் சிக்கல் இருப்பதாக 2005-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று காட்டியது. எந்த முறையில் பரிசோதிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை இவ்வளவு மாறுகிறது. இவர்களில் பலருக்கு முதல் சில வாரங்களிலேயே தானாகத் தேறிவிடும். அந்த வாரங்களில் கரண்ட் வைத்துத் தேறினால், கரண்டால் தேறியதா, காலத்தால் தேறியதா என்று ஒரு தனி நோயாளியைப் பார்த்துச் சொல்ல முடியாது. "அவருக்கு நாலு சிட்டிங்லயே சரியாப்போச்சு" என்ற பேச்சைக் கேட்டு முடிவெடுக்கக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

கரண்டுக்கு முன் பரிசோதனை

பக்கவாதத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவருக்கு விழுங்கும் திறனைச் சோதிக்கும் முன் தண்ணீர், மாத்திரை எதையும் வாய்வழியாகத் தரக்கூடாது. செவிலியரோ சிகிச்சையாளரோ படுக்கையருகே முதல் சோதனையைச் செய்வார்கள். நோயாளி விழிப்பாக இருக்கிறாரா, இருமல் பலமாக வருகிறதா, எச்சில் வடிகிறதா, சிறிது நீர் குடித்தபின் குரல் நீரில் அமிழ்ந்ததுபோல் களகளவென்று கேட்கிறதா என்று பார்ப்பார்கள்.

இந்தச் சோதனைக்குப் பிடிபடாத ஆபத்து ஒன்று உண்டு. சிலருக்குத் தொண்டையின் உணர்ச்சியே மங்கிவிடும். உணவும் எச்சிலும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் இருமல் வராது, புரையும் ஏறாது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவர் நன்றாகச் சாப்பிடுவதுபோல் தெரியும், நாலைந்து நாளில் நிமோனியா வந்து நிற்கும். விழுங்கும் சிக்கல் உள்ள பக்கவாத நோயாளிக்கு நிமோனியா வரும் அபாயம் அச்சிக்கல் இல்லாதவரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்குவது உறுதியானவருக்கு அது இன்னும் பல மடங்கு.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு கருவிச் சோதனைகள் உள்ளன. ஒன்று, பேரியம் கலந்த உணவை விழுங்கச் சொல்லி எக்ஸ்ரேயில் ஓடும் படமாகப் பார்ப்பது. மற்றொன்று, மூக்கு வழியாக மெல்லிய கேமரா குழாயை விட்டு, விழுங்கும்போது தொண்டையை மேலிருந்து பார்ப்பது. இரண்டாவதைப் படுக்கையருகிலேயே செய்யலாம், கதிர்வீச்சும் இல்லை. மின்தூண்டலைப் பற்றி முடிவெடுக்கும் முன் இவற்றில் ஒன்றையாவது செய்ய முடியுமா என்று கேளுங்கள். அந்த அறிக்கையிலிருந்து உங்களுக்குத் தெரிய வேண்டியவை நான்கு:

1. விழுங்கும் வேலையில் எந்தக் கட்டம் கெட்டிருக்கிறது? நாக்கா, குரல்வளை ஏற்றமா, உணவுக்குழாயின் மேல்வாய் திறப்பதா?
2. உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறதா? இறங்கினால் இருமல் வருகிறதா?
3. எந்தப் பதத்தில், எவ்வளவு தந்தால் பாதுகாப்பாக இறங்குகிறது?
4. தலையை எப்படி வைத்தால் விழுங்குவது மேம்படுகிறது?

நாக்கு பலவீனத்தால் வாயிலேயே உணவு தேங்குகிறவருக்கும், குரல்வளை ஏறாதவருக்கும் ஒரே இடத்தில் கரண்ட் வைப்பதில் பொருளில்லை. எங்கே கெட்டிருக்கிறது என்று தெரிந்தபிறகுதான் எங்கே தூண்டுவது என்று தீர்மானிக்க முடியும்.

மின்தூண்டலில் இரண்டு வகை

தோலின் மேல் வைப்பது. நம் ஊரில் "தொண்டைக்குக் கரண்ட்" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். தாடைக்கு அடியிலும் கழுத்தின் முன்புறத்திலும் சிறு ஒட்டுப்பட்டைகளை ஒட்டி, அவற்றின் வழியே மெல்லிய மின்துடிப்புகளைச் செலுத்துவார்கள். இவ்வகைக் கருவிகளில் பரவலாக அறியப்பட்ட வைட்டல்ஸ்டிம்முக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2001-இல் அனுமதி தந்தது. அதில் நொடிக்கு 80 துடிப்புகள். மின்னளவை நோயாளி தாங்கும் அளவு பார்த்து 25 மில்லி ஆம்பியர் வரை கூட்டலாம். ஒரு சிட்டிங் வழக்கமாக ஒரு மணி நேரம்.

நாமே விழுங்கும்போது மெதுவாக இயங்கும் சிறு தசைநார்கள் முதலிலும், வேகமாகச் சுருங்கும் பெரிய தசைநார்கள் பிறகும் வேலைக்கு வரும். வெளியிலிருந்து தரும் மின்துடிப்பு வேகத் தசைநார்களை எளிதாகப் பிடித்துவிடும். விழுங்குவதற்கு இந்த வேகம் மிகவும் தேவை, படுத்துக்கிடக்கும்போது முதலில் நலிவதும் இவைதான். ஆகவே நோயாளி முயன்று விழுங்கும் அதே நேரத்தில் துடிப்பும் சேர்ந்தால் தசைக்கு வேலை கூடும், மூளைக்குப் போகும் உணர்வுச் செய்தியும் கூடும். விஜயதசமியன்று நெல்லில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுதவைப்பது போன்ற உதவி இது. பிடிப்பது பெரியவர் என்றாலும் எழுதக் கற்க வேண்டியது குழந்தைதான்.

பட்டை ஒட்டும் இடம் மிக முக்கியம். தாடைக்கு அடியில் ஒட்டினால் நாவடி எலும்பை மேலே இழுக்கும் தசைகள் தூண்டப்படும். குரல்வளைக்கு மேலும் கீழுமாகக் கழுத்தின் முன்னே ஒட்டினால், தோலுக்கு அருகில் இருக்கும் தசைகள் நாவடி எலும்பைக் கீழே இழுத்துவிடக்கூடும். அமெரிக்காவில் கிறிஸ்டி லட்லோவின் குழு 2007-இல் எக்ஸ்ரே படத்தில் இதைக் காட்டியது. கீழே இழுக்கும் விசையை எதிர்த்து விழுங்கவைப்பதையே பயிற்சியாகக் கொள்ளும் சிகிச்சையாளர்களும் உண்டு. அதைச் சமாளிக்கும் பலம் உள்ளவருக்கு அது பயிற்சியாகலாம். குரல்வளை சிறிதும் ஏறாதவருக்கு அது பாதுகாப்பைக் குறைத்துவிடும். "எங்கே ஒட்டுகிறீர்கள், ஏன் அங்கே?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

தொண்டைக்குள் வைப்பது. இதில் மூக்கு வழியாக விடும் மெல்லிய குழாயில் மின்முனைகள் இருக்கும். தொண்டையின் உட்சுவரை நேரே தூண்டுவார்கள். தசையைச் சுருக்குவது இதன் நோக்கம் அல்ல. உணர்வு நரம்புகள் வழியே மூளையின் விழுங்கும் பகுதியை எழுப்புவதே இதன் வேலை. நொடிக்கு 5 துடிப்புகள், ஒரு நாளைக்கு 10 நிமிடம், தொடர்ந்து மூன்று நாள் என்பது பரவலான முறை. மான்செஸ்டர் ஆய்வுகளிலிருந்து பிறந்தது இது. பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில்தான் இதைப் பார்க்கலாம்.

ஆய்வுகள் சொல்வது

தோலின் மேல் வைக்கும் முறைக்குச் சான்று கலவையாக இருக்கிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2016-இல் வெளிவந்தது. விழுங்கும் பயிற்சியோடு மின்தூண்டலையும் சேர்த்தவர்கள், பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடக் குறுகிய காலத்தில் அதிகம் தேறினார்கள் என்று அது கண்டது. பயிற்சி இல்லாமல் மின்தூண்டல் மட்டும் பெற்றவர்கள் பயிற்சி மட்டும் செய்தவர்களை மிஞ்சவில்லை. அதற்கு மாறான ஓர் ஆய்வும் உண்டு. ஜிசெல் கார்னபியின் குழு 53 நோயாளிகளை வைத்துச் செய்து 2020-இல் வெளியிட்டது அது. படிப்படியாகக் கடுமை கூடும் விழுங்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களே, அதனோடு மின்தூண்டலும் பெற்றவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள்.

தொண்டைக்குள் வைக்கும் முறையை 162 நோயாளிகளிடம் சோதித்த ஐரோப்பிய ஆய்வு 2016-இல் வெளிவந்தது. போலித் தூண்டல் பெற்றவர்களுக்கும் உண்மைத் தூண்டல் பெற்றவர்களுக்கும் அதில் வித்தியாசம் தெரியவில்லை. பலருக்குப் போதிய மின்னளவு தரப்படவில்லை என்ற விளக்கமும் கூறப்பட்டது. ஆனால் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கான குழாய் வைக்கப்பட்டிருந்த 69 பக்கவாத நோயாளிகளிடம் செய்து 2018-இல் வெளியான ஆய்வு தெளிவான பலனைக் காட்டியது. தூண்டல் பெற்றவர்களில் 49 விழுக்காட்டினர் அந்தக் குழாயை எடுக்கும் நிலைக்கு வந்தார்கள். போலித் தூண்டல் பெற்றவர்களில் 9 விழுக்காட்டினரே வந்தார்கள். கழுத்துக் குழாயோடு இருப்பவரின் குடும்பத்தார் இந்த முறை கிடைக்கிறதா என்று விசாரித்துப் பார்ப்பது நல்லது.

அமெரிக்க இதயச் சங்கத்தின் 2016 மறுவாழ்வு வழிகாட்டுதல் இவ்விரு முறைகளின் பலனும் உறுதியாகவில்லை என்று சொல்லி, வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-இல், தோலின் மேல் வைக்கும் முறையால் பக்கவாத நோயாளிகளுக்குப் பலன் இருக்கக்கூடும், ஆனால் சான்று அளவிலும் தரத்திலும் குறைவு என்று கூறி, சிறப்பு ஏற்பாடுகளோடு மட்டும் பயன்படுத்தச் சொன்னது.

இவற்றிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. மின்தூண்டல் வேண்டுமா என்பது ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டிய முடிவு. விழுங்கும் பயிற்சி வேண்டுமா என்பதில் முடிவெடுக்க எதுவுமில்லை, அது கட்டாயம் வேண்டும். வசதி இல்லாததால் கரண்ட் வைக்க முடியவில்லையே என்று எந்தக் குடும்பமும் குற்ற உணர்ச்சியில் வாட வேண்டாம். தினமும் ஒழுங்காகச் செய்யும் பயிற்சிதான் முதல் மருந்து, அதற்கு மெஷின் தேவையில்லை.

யாருக்கு வைக்கக்கூடாது

கீழ்க்கண்டவற்றில் ஏதேனும் இருந்தால் சிகிச்சையாளர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்:

- இதயத்தில் பேஸ்மேக்கர் அல்லது அதிர்ச்சி தந்து துடிப்பைச் சீராக்கும் கருவி, மூளையில் பொருத்திய தூண்டல் கருவி
- கழுத்துப் பகுதியில் புற்றுநோய், தொற்று, புண், வெடிப்பு
- அடங்காத வலிப்பு
- கர்ப்பம்
- சொல்வதைப் புரிந்து ஒத்துழைக்க முடியாத அளவுக்கு மறதி நோய் அல்லது மயக்கநிலை
- டியூப் வழியே கொடுக்கும் உணவு அடிக்கடி மேலே எதுக்களித்து வருதல்

கழுத்தின் பக்கவாட்டில், நாடித்துடிப்பு தட்டுப்படும் இடத்தில், ரத்த அழுத்தத்தை உணரும் ஒரு பகுதி உள்ளது. அங்கே மின்துடிப்பு பட்டால் ரத்த அழுத்தமும் இதயத்துடிப்பும் திடீரென இறங்கக்கூடும். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்குக் கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பும் இருக்கும். அதற்கு எடுத்த ஸ்கேன் அறிக்கையைக் கட்டாயம் காட்டுங்கள்.

இன்னோர் எச்சரிக்கை. முழங்கால் வலிக்கும் முதுகுவலிக்கும் ஆன்லைனில் வாங்கிய கரண்ட் மெஷினைக் கழுத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். அதன் மின்னளவும் பட்டையின் அளவும் வேறு. குரல்வளைத் தசை இறுகினால் மூச்சே தடைப்படும்.

ஒரு சிட்டிங் எப்படி நடக்க வேண்டும்

முறையாகச் செய்பவர் எப்படிச் செய்வார் என்று தெரிந்திருந்தால், பக்கத்தில் நின்று கவனிக்க உங்களுக்கு எளிதாக இருக்கும்.

1. நோயாளி நன்றாக விழித்திருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். டியூப் வழியே நிறைய உணவு கொடுத்த உடனே தொடங்க மாட்டார்கள். காய்ச்சலோ புதிய சளியோ இருந்தால் அன்றைக்குத் தள்ளிவைப்பார்கள்.
2. நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைப்பார்கள். முடியாதவருக்குப் படுக்கையின் தலைப்பக்கத்தை முடிந்தமட்டும் உயர்த்தி, பாதிக்கப்பட்ட பக்கம் சாயாமல் தலையணை வைப்பார்கள்.
3. வாயைச் சுத்தம் செய்வார்கள்.
4. ஆண்களுக்குத் தாடியை மழித்து, தோலைத் துடைத்து உலரவைத்துப் பட்டைகளை ஒட்டுவார்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பட்டை ஒட்டாது, தோல் எரியும்.
5. மின்னளவைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். முதலில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும், பிறகு அதிர்வு, பிறகு தசையைப் பிடித்து இழுப்பதுபோல் இருக்கும். வலிக்கக்கூடாது. வாய்பேச முடியாதவரிடம் கையசைவையோ கண் சிமிட்டலையோ அடையாளமாக முன்பே பேசிவைத்துக்கொள்ள வேண்டும். உணர்ச்சி மங்கிய பக்கத்தில் வலி தெரியாது, ஆகவே முகத்தையும் தோலையும் பார்த்துக்கொண்டே கூட்ட வேண்டும்.
6. இனிதான் உண்மையான சிகிச்சை. பட்டை வேலை செய்யும்போதே, "பலமா முழுங்குங்க அய்யா" என்று சொல்லித் திரும்பத் திரும்ப விழுங்கவைப்பார்கள். பரிசோதனையில் பாதுகாப்பானது என்று தெரிந்த பதத்தில் சிறு கரண்டி உணவு தருவார்கள். எதையும் தர முடியாதவரை எச்சிலையோ, வாயை ஈரமாக்கும் குளிர்ந்த துடைப்பத்தின் ஈரத்தையோ விழுங்கவைப்பார்கள். எத்தனை முறை விழுங்கினார், எத்தனை முறை இருமினார் என்று குறித்துக்கொள்வார்கள்.
7. முடித்ததும் பட்டையை மெதுவாக உரித்துத் தோலைப் பார்ப்பார்கள். லேசான சிவப்பு கொஞ்ச நேரத்தில் மறையும். கொப்புளமோ எரிச்சலோ இருந்தால் அடுத்த சிட்டிங்குக்கு முன் சொல்ல வேண்டும்.

ஒரு மணி நேரத்தில் நோயாளி எத்தனை முறை விழுங்கினார் என்பதைப் பாருங்கள். நாலைந்து முறைதான் என்றால், அந்தச் சிட்டிங்கில் சிகிச்சையின் முக்கியப் பகுதி நடக்கவில்லை.

தொடங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

- இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்த பேச்சு-மொழி சிகிச்சையாளரா நீங்கள்? இந்தக் கருவியில் தனிப் பயிற்சி பெற்றிருக்கிறீர்களா?
- எந்தச் சோதனையை வைத்து மின்தூண்டல் தேவை என்று முடிவு செய்தீர்கள்?
- சிட்டிங் முழுவதும் நீங்களே உடனிருந்து விழுங்கவைப்பீர்களா?
- வாரத்துக்கு எத்தனை நாள், மொத்தம் எத்தனை வாரம்? எப்போது நிறுத்தி மறுபடி சோதிப்பீர்கள்?
- மொத்தச் செலவு எவ்வளவு? காப்பீட்டில் வருமா?
- வீட்டில் நாங்கள் செய்ய வேண்டிய பயிற்சிகளை எழுதித் தருவீர்களா?

இவற்றுக்குப் பொறுமையாகப் பதில் சொல்பவரிடம் நம்பி ஒப்படைக்கலாம். "எல்லாருக்கும் இதே பேக்கேஜ்தான், 30 சிட்டிங், முன்பணம் கட்டிடுங்க" என்றால் வேறோர் இடத்தில் கருத்துக் கேளுங்கள்.

மீதி 23 மணி நேரம் வீட்டில்

கரண்ட் ஒரு மணி நேரம். மீதி நேரம் முழுவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது, தேறுவதும் நிமோனியா வராமல் காப்பதும் அங்கேதான் பெரும்பாலும் தீர்மானமாகின்றன.

பயிற்சி. சிகிச்சையாளர் தேர்ந்து தந்தவற்றை மட்டும் செய்யவையுங்கள். பலமாக அழுத்தி விழுங்குவது, விழுங்கும்போது குரல்வளையை மேலேயே இரண்டு மூன்று நொடி நிறுத்திப் பிடிப்பது, தாடைக்கு அடியில் சுருட்டிய துண்டையோ சிறு பந்தையோ வைத்து முகவாயால் அழுத்துவது ஆகியவை வழக்கமானவை. மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் தூக்கும் பயிற்சி கழுத்தெலும்புத் தேய்மானமும் உயர் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு ஒத்துவராமல் போகலாம். டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

உட்காரும் நிலை. சாப்பிடும்போது நிமிர்ந்தும், சாப்பிட்ட பின் அரை மணி நேரமாவது சாயாமலும் இருக்க வேண்டும். முகவாயை நெஞ்சை நோக்கித் தாழ்த்தி விழுங்குவது சிலருக்கு உதவும், பலவீனமான பக்கம் தலையைத் திருப்பி விழுங்குவது வேறு சிலருக்கு உதவும். எது உங்களவருக்கு என்பதைச் சோதனை சொல்லும். ஊட்டுபவர் நின்றுகொண்டு ஊட்டினால் நோயாளி அண்ணாந்துதான் வாங்குவார், அது ஆபத்து. அவர் கண்ணுக்கு நேராக உட்கார்ந்து ஊட்டுங்கள்.

உணவின் பதம். உணவின் பதத்தை 0 முதல் 7 வரை பிரித்து அளக்கும் ஐடிடிஎஸ்ஐ என்ற சர்வதேச அளவுகோல் இருக்கிறது. தண்ணீர் 0, வழக்கமான சாப்பாடு 7. உங்களவருக்கு எந்த எண் என்று கேட்டு அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். எண் 4 என்றால் மசித்த உணவு. கரண்டியைச் சாய்த்தால் முழு உருண்டையாக வழுக்கி விழ வேண்டும், கரண்டியில் பசைபோல் ஒட்டக்கூடாது, நீர் பிரியக்கூடாது.

நம் சாப்பாட்டில் ஏமாற்றுபவை சில உண்டு. ரசம் சாதத்தில் நீரும் பருக்கையும் கலந்திருக்கும். வாயில் பருக்கையை மெல்லும்போதே ரசம் தொண்டைக்கு ஓடிவிடும். வழுக்கையோடு குடிக்கும் இளநீரும் அப்படித்தான். இட்லி மென்மையாகத் தெரிந்தாலும் உதிர்ந்து அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், நன்றாகக் குழைத்துத்தான் கொடுக்க வேண்டும். புட்டு, அவல், சுண்டல், முறுக்கு இப்போதைக்கு வேண்டாம். கேழ்வரகுக் கூழும் கஞ்சியும் ஆறினால் இறுகும், எச்சில் பட்டால் நீர்த்துப்போகும். ஆகவே ஊட்டும் கிண்ணத்தைத் தனியாக வைத்து, ஊட்டும் நேரத்தில் பதத்தை மறுபடி பாருங்கள்.

வாய்ச் சுத்தம். டியூப் வழியே சாப்பிடுகிறவருக்கு வாய் சுத்தம் எதற்கு என்று நினைக்கிறார்கள். அவருக்குத்தான் அது அதிகம் தேவை. வாயில் பெருகும் கிருமி எச்சிலோடு நுரையீரலுக்கு இறங்கித்தான் நிமோனியாவாகிறது. காலையிலும் இரவிலும் பல் துலக்கிவிடுங்கள், ஒவ்வொரு முறை சாப்பிட்ட பின்பும் கன்னத்துக்குள் தேங்கியிருப்பதைத் துடைத்தெடுங்கள். பல்செட் இருந்தால் இரவில் கழற்றிக் கழுவுங்கள்.

மாத்திரை. எல்லா மாத்திரையையும் பொடிக்கக்கூடாது. குடலில் கரையும்படி மேலுறை போட்டவை, மெல்ல மெல்ல மருந்தை விடுபவை பொடித்தால் கெடும். மருந்துச் சீட்டைக் காட்டி, ஒவ்வொன்றையும் எப்படித் தருவது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பலன் தெரிகிறதா என்று அளப்பது

ஒரு நோட்டில் நாள்தோறும் எழுதுங்கள்: வாய்வழியாக என்ன பதத்தில் எவ்வளவு இறங்கியது, எத்தனை முறை புரையேறியது, காய்ச்சல் இருந்ததா, வாராந்தர எடை எவ்வளவு. வாய்வழியாகச் சாப்பிடும் திறனைச் சிகிச்சையாளர்கள் ஏழு படிகளாக அளப்பார்கள். முதல் படியில் வாய்வழி எதுவும் இல்லை. இரண்டாம், மூன்றாம் படிகளில் டியூபோடு வாய்வழியும் கொஞ்சம் உண்டு. நான்காம் படியில் டியூப் போய்விடும், ஆனால் ஒரே பதத்தில்தான் சாப்பிட முடியும். ஏழாம் படியில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. மின்தூண்டல் தொடங்கும் நாளில் எந்தப் படி, இரண்டு மூன்று வாரம் கழித்து எந்தப் படி என்று பாருங்கள். படி ஏறாமலும், மறுபரிசோதனையில் மாற்றம் தெரியாமலும் இருந்தால் சிட்டிங்கை நீட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. பட்டையின் இடத்தையும் பயிற்சியையும் மாற்ற வேண்டுமா, மின்தூண்டலையே நிறுத்த வேண்டுமா என்று பேசி முடிவு செய்யுங்கள்.

டியூபை எடுக்கும் முடிவு எப்போதும் சோதனைக்குப் பிறகுதான். நான்கு வாரத்துக்கு மேலும் டியூப் தேவைப்படும் என்று தோன்றினால், வயிற்றில் நேரே வைக்கும் குழாயைப் பற்றி டாக்டர் பேசக்கூடும். அதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். உடம்புக்குச் சத்து குறையாமல் இருந்தால்தான் விழுங்கும் பயிற்சிக்குத் தெம்பு இருக்கும். அந்தக் குழாயோடும் பயிற்சி தொடரலாம், தேறியதும் அதை எடுத்துவிடலாம்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

- 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், மூச்சு வாங்குதல், சளியின் நிறம் மாறுதல்
- திடீரென அதிக உறக்கம், குழப்பம்
- சிட்டிங்கின்போது தலைசுற்றல், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, குரல் அடைப்பு, மூச்சுத் திணறல்
- உணவு அடைத்துப் பேசவோ இருமவோ முடியாமல் உதடு நீலமாதல். உடனே முன்னால் சாயவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் பலமாகத் தட்டுங்கள். தமிழ்நாட்டில் 108-ஐ அழையுங்கள்.

குடும்பத்தாரிடம் நான் வேண்டுவது இவ்வளவுதான். மெஷினைத் தேடி அலையும் முன் நல்ல பரிசோதனையையும் நல்ல சிகிச்சையாளரையும் தேடுங்கள். கரண்ட் வைத்தாலும் வைக்காவிட்டாலும், அன்றாடப் பயிற்சியையும் வாய்ச் சுத்தத்தையும் ஒரு நாளும் விடாதீர்கள். ஆசையோடு ஒரு வாய் தண்ணீர் கேட்கும் அப்பாவுக்கு, அம்மாவுக்குச் சோதனை முடியும்வரை மறுப்பது மனத்துக்குக் கடினம்தான். அந்த மறுப்பும் சிகிச்சையின் ஒரு பகுதிதான் என்று அவர்களுக்கும் எடுத்துச் சொல்லி, உறுதியாக நில்லுங்கள்.